ஏணியும் வேலியும்

திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறி நின்று கீழே பரந்து கிடக்கும் நஞ்சையையும் புஞ்சையையும் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. 1792-இல் திப்பு சுல்தான் இந்தச் சீமையைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அதன்பின் இதை ஆண்ட துரைமார் இளவயதிலேயே பெருஞ்சம்பளம் வாங்கினார்களே, அது எப்படி?

ஆதியில் அவர்கள் சம்பளம் அற்பந்தான். 1744-இல் 18 வயதில் சென்னைக்கு வந்த ராபர்ட் கிளைவுக்கு வருஷத்துக்கு 5 பவுன். சொந்த வியாபாரமும் காணிக்கையுமே பையை நிரப்பின. அந்த ஊழலை ஒழிக்கத்தான் காரன்வாலிஸ் பிரபு சம்பளத்தை உயர்த்தினார்.

1793-ஆம் வருஷத்துச் சட்டம் அதற்கு ஓர் ஏணியும் அமைத்தது. இந்தியாவில் 3 வருஷம் இருந்தவருக்கு 500 பவுனுக்கு மேற்பட்ட பதவி கிடைக்கலாம். 6 வருஷம் இருந்தால் 1,500-க்கு மேல். 9 வருஷமானால் 3,000-க்கு மேல். 12 வருஷமானால் 4,000-க்கு மேல். 15 வயதில் சேர்ந்த பையன் 27 வயதில் உச்சிப்படியைத் தொடலாம்!

முதல் படியில் கால் வைக்க என்ன வேண்டும்? லண்டனில் ஒரு கும்பினி டைரக்டரின் சிபாரிசு வேண்டும். அந்த ஏணியைச் சுற்றி வேலியும் இருந்தது. எந்த வயல் யாருடையது, எவ்வளவு விளையும் என்று துரைக்குச் சொல்லிக்கொடுத்த கிராமக் கர்ணத்துக்கு அதில் இடமில்லை. அவருக்கு வயதும் அநுபவமும் இருந்து என்ன பயன்?

இளைஞன் ஒருவன் பெருஞ்சம்பளம் வாங்கினால், 'கெட்டிக்காரன்' என்கிறோம். கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் யார், வேலிக்கு வெளியே நின்றவர் யார் என்பதையும் விசாரித்துவிட்டுப் புகழலாம் அல்லவா?