படிச்சது ஒரு இடம், பட்டம் ஒரு இடம்

வையம்பட்டி, மணப்பாறை பக்கம் டிகிரி முடிச்சவங்ககிட்ட எந்தக் காலேஜ்னு கேட்டுப் பாருங்க. ஜோசப், ஜமால், நேஷனல், ஹீபர்னு பதில் வரும். ஆனா பட்டச் சான்றிதழ்ல பெருசா இருக்கிற பேர் வேற. வயசானவங்கன்னா சென்னைப் பல்கலைக்கழகம், அதுக்கப்புறம் வந்தவங்கன்னா பாரதிதாசன்.

இந்தக் கூத்து ஆரம்பிச்சது 1857-ல். கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூணு ஊர்லயும் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் பல்கலைக்கழகம் தொடங்கினான். பாடம் நடத்துறது கல்லூரி. பரீட்சை வெச்சு பட்டம் கொடுக்கிறது பல்கலைக்கழகம். அவ்வளவுதான்! 1844-ல் நாகப்பட்டினத்துல தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரி, 1919-ல் வந்த நேஷனல், 1951-ல் வந்த ஜமால் முகமது எல்லாமே அந்தக் குடையின் கீழ்தான் இருந்தன. அப்துல் கலாம் 1954-ல் பி.எஸ்சி. முடிச்சது தெப்பக்குளத்துப் பக்கம், பட்டம் கொடுத்தது மதராஸ்.

திருச்சியிலிருந்து மெட்ராஸ் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. தேர்வு, மதிப்பெண், சான்றிதழ்னு எல்லாமே அங்கேதான். 1966-ல் மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடைச்சுது. நம்ம பக்கம் 1982 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. திருச்சியில இருந்த சென்னைப் பல்கலையின் முதுகலை மையம்தான் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு விதை. ஆர்.இ.சி.யின் முதல் முதல்வரா இருந்த பி.எஸ்.மணிசுந்தரம்தான் இங்கே முதல் துணைவேந்தர். (கவிஞருக்குச் சொந்த ஊர் பாண்டிச்சேரி. எட்டயபுரத்து பாரதியார் பேரு அதே வருஷம் கோவைக்குப் போச்சு. குருவும் சீடரும் ஆளுக்கொரு ஊர்!)

புதுக்கோட்டை ரோட்டுல இருக்கிற பல்கலைப்பேரூரை மட்டும் பார்த்துட்டு பல்கலைக்கழகத்தைப் பார்த்தாச்சுன்னு சொல்ல முடியாதுங்க. கரூர்லேர்ந்து நாகப்பட்டினம் வரைக்கும் விரிஞ்சு கிடக்கிற இணைவுக் கல்லூரிகளையும் சேர்த்தாத்தான் கணக்கு சரியா வரும். இதுல தன்னாட்சிக் கல்லூரிகள் தனி ரகம். பாடத்திட்டம், தேர்வு எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க, பட்டத்துக்கு மட்டும் பல்கலைக்கழகம்.

என்னைக் கேட்டா, 1982-ஐ விட நம்ம பக்கத்துக்குப் பெரிய விஷயம் 2022-ல் மணப்பாறைக்கு அரசு கலை அறிவியல் கல்லூரி வந்ததுதான். வையம்பட்டியிலேர்ந்து திருச்சி சுமார் ஐம்பது கிலோமீட்டர். விடியக்காலை கிளம்பி, பஸ்லயோ ரயில்லயோ நின்னுகிட்டே போயி, இருட்டின பிறகு வீடு திரும்பணும். பையன்னா "போயிட்டு வாடா"ம்பாங்க. பொண்ணுன்னா பிளஸ் டூவோட நிறுத்திட்டு மாப்பிள்ளை தேடின வீடுகள் எத்தனையோ. மார்க் இல்லாமயா நிறுத்தினாங்க? தூரம்ங்க, தூரம். மணப்பாறைன்னா காலையில டவுன் பஸ் ஏறினா சாயங்காலம் வெளிச்சத்துலயே வீட்டுல இருக்கலாம். சான்றிதழ்ல எந்தப் பேர் இருந்தா என்ன, அந்தப் பொண்ணு பேர் அதுல இருக்கும்ல?