இரண்டு வெள்ளைகள்

வண்ண அட்டையில் அடுத்தடுத்து இருக்கும் ஐவரியையும் ஆஃப் ஒயிட்டையும் பிரித்தறியும் கண், பெயின்ட் கடைகள் வந்த பிறகுதான் நமக்கு வாய்த்தது என்று பலர் நம்புகிறார்கள். சுண்ணாம்புக் காலத்துச் சுவரெல்லாம் ஒரே வெள்ளை என்பதும் அந்த நம்பிக்கையோடு சேர்ந்தே வருகிறது. அது தவறு. காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டுத் தாளித்த சுண்ணாம்பு தூய வெள்ளை. சுக்கான் கல்லிலிருந்து வருவதில் களிமண்ணும் இரும்பும் கலந்திருப்பதால் மங்கலாக, லேசான மஞ்சளோடு நிற்கும். கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது. சுக்கான் சுண்ணாம்பு கட்டு வேலைக்கு உறுதி, கிளிஞ்சல் சுண்ணாம்பு மேற்பூச்சுக்கு அழகு. பளிங்கென்றே எண்ணும்படி மெருகேற்றிய மெட்ராஸ் சுண்ணப்பூச்சு கிளிஞ்சலால் பெயர் பெற்றது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், மெட்ராஸ் சாந்து செய்யும் முறையை 1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். வெல்லம், முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் எல்லாம் அதில் இடம்பெறுகின்றன. சுவரின் மேனிக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்கள் வெள்ளைக்குள் இருந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது.

கிளிஞ்சல் கிடைக்காத உள்நாட்டு ஊர்களுக்குப் பிற்காலத்தில் கைகொடுத்தது நீலம். விலையுயர்ந்த லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்தெடுத்த அல்ட்ராமரீன் நிறத்தைச் செயற்கையாகச் செய்பவருக்கு 1824இல் பாரிஸில் பரிசு அறிவித்தார்கள். 1828இல் பிரெஞ்சு வேதியியலாளர் கிமே அதைப் பெற்றார். பிரஷ்யன் நீலம் என்ற வேறொரு நிறமி சுண்ணாம்பின் காரத்தில் கெட்டுப் பழுப்பாகும். அல்ட்ராமரீனோ தாங்கி நிற்கும். அதனால்தான் அல்ட்ராமரீனால் ஆன சலவை நீலம் சுவருக்கும் வர முடிந்தது. ‘துணிக்குப் போட்ட பழக்கத்தில் சுவருக்கும் போட்டார்கள், அதில் நிற நுணுக்கம் எங்கே?’ என்று கேட்கலாம். வந்த வழி அதுவாகவே இருக்கட்டும். அளவில்தான் நுணுக்கம் இருக்கிறது. ஒரு சிட்டிகையில் மஞ்சள் மறையும், கொஞ்சம் கூடினால் சுவரே நீலமாகிவிடும். ஈரச் சுண்ணாம்பில் அடியிலிருப்பது தெரியும், காய்ந்தால்தான் வெள்ளை எழும்பும்; ஆகவே வாளியைப் பார்த்து அளவை முடிவு செய்ய முடியாது, ஓரிடத்தில் அடித்துக் காயவிட்டே பார்க்க வேண்டும். இதில் வியப்பு என்னவென்றால், நீலம் கலந்த சுவர் திருப்பித் தரும் ஒளி முன்பைவிடக் குறைவு. ஆனாலும் கண்ணுக்கு அதுவே அதிக வெள்ளை.

இரண்டு வெள்ளைகளையும் தனித்தனியே பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். ஆனால் சுவர் தனியாக நிற்பதில்லை. கீழே காவிப் பட்டை, பக்கத்தில் அடுப்புப் புகை படிந்த மூலை, பொங்கலுக்கு அடித்த புதுப்பூச்சின் ஓரத்தில் போன வருடத்துப் பழையது: இவற்றோடு சேரும்போது சின்ன மஞ்சளும் பளிச்சென்று தெரியும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளில் உருவான டைட்டானியம் வெள்ளையில் அந்த மஞ்சள் இல்லை. இன்று ஐவரி கேட்டால், கடை இயந்திரம் அதைச் சொட்டுக் கணக்கில் சேர்த்துத் தருகிறது.