அண்ணனுக்காக ஒரு வெள்ளிக் குழாய்

ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் உறவினரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள். கட்டிலோரம் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். சிறுநீர்ப் பை. பார்த்தும் பார்க்காத மாதிரி பேச்சை மாற்றிவிடுவோம், இல்லையா? அதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது!

1752. இடிமேகத்தில் பட்டம் விட்டாரே பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அதே வருடம். அவருடைய அண்ணன் ஜான், சிறுநீர்ப்பைக் கல்லால் துடித்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. வளைந்து கொடுக்கும் வெள்ளிக் குழாய் ஒன்றை வடிவமைத்தார். வெள்ளி ஆசாரி செய்து முடிக்கும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை மனிதர்!

குழாய் உள்ளே போகும், ஆனால் நிற்கணுமே? 1930-களில் ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க டாக்டர், ரப்பர் குழாயின் நுனியருகே குட்டி பலூன் வைத்தார். உள்ளே போனதும் தண்ணீர் ஏற்றினால் பலூன் உப்பிக்கொள்ளும்; குழாய் நழுவாது. இதற்கான காப்புரிமை என்னவோ பால் ரைஷே என்ற இன்னொருவருக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் ஃபோலிக்கே நிலைத்தது.

குழாய் நிலைத்ததும் வந்தது வினை. அந்தக் காலத்தில் குழாயின் மறுமுனை, திறந்த பாட்டிலில் கிடக்கும். கிருமிகளுக்கு ராஜபாட்டை! நாலே நாளில் கிட்டத்தட்ட எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி. 1958-ல் பால் பீசன் என்ற டாக்டர், கதீட்டருக்கு எதிராக ஒரு குற்றப்பத்திரிகையே எழுதினார். குழாயும் பையும் இடைவெளியின்றி மூடியிருந்தால் தொற்று வெகுவாகக் குறையும் என்று 1966-ல் நிரூபித்தார்கள். நீங்கள் பார்க்கும் பை அந்த வகைதான்.

ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடிக்கொண்டேதான் போகிறது. அப்படியென்றால் வேலை முடிந்ததும் எடுத்துவிடலாமே? அங்கேதான் வேடிக்கை. 2000-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் நாலு ஆஸ்பத்திரிகளில், "உங்கள் நோயாளிக்குக் குழாய் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். குழாய் இருந்தும் அது தெரியாமல் இருந்தவர்கள், மருத்துவ மாணவர்களில் 21 சதவிகிதம். சீனியர் டாக்டர்களில்? 38! தெரியாத குழாயை யார் எடுப்பது?

அதனால், அடுத்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பை, இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா, தரையில் படாமல் இருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்களாக எதையும் கழற்றவோ இழுக்கவோ வேண்டாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "டாக்டர், இது இன்னிக்கும் வேணுமா?"

ஆரஞ்சுப் பழத்தைவிட அந்தக் கேள்வி உபகாரமாக இருக்கும்.