நாய்க்குப் படம் வரைந்தவர் பெயர் என்ன?

என் வகுப்புத் தோழி ஒருத்தி வளர்ப்புப் பிராணிகளைப் படம் வரைந்து விற்கிறாள். சாத்தான்குளத்தில் உட்கார்ந்துகொண்டு இதை விற்க முடியுமா என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஆர்டர் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் நாயின் போட்டோ வரும். திங்கள், செவ்வாய் பென்சில் வேலை. அப்புறம் வெள்ளி வரை வாட்டர் கலர். கண்ணுக்கு மட்டுமே ஒரு சாயங்காலம் போய்விடும். சனிக்கிழமை கூரியர். படம் 800 ரூபாய். பி.காம். படிக்கிறவன் சும்மா இருப்பேனா, கணக்குப் போட்டேன். பேப்பர், கூரியர் செலவு 200 போக மிச்சம் 600. பத்து மணி நேர உழைப்பு. மணிக்கு 60 ரூபாய்!

போன மாதம் ஒருவர், தன் சிப்பிப்பாறை நாயின் படத்தில் மூலையில் இருந்த கையெழுத்தை எடுத்துவிடச் சொன்னார். ஃபிரேம் போட்டால் அழகு கெடுமாம். பென்சிலில்தான் போட்டிருந்தாள், அழித்துக் கொடுத்துவிட்டாள். "நாய் அவரோடதுதானே" என்றாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தக் கோபத்தில் தேடிப் படித்ததுதான் இது.

1774-ல் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதியாக வந்தவர் எலைஜா இம்பே. (மகாராஜா நந்தகுமாரைத் தூக்கில் போடத் தீர்ப்பளித்த அதே ஆள்.) அவருடைய மனைவி மேரி இம்பேவுக்குப் பறவை, மிருகம் என்றால் உயிர். வீட்டுத் தோட்டத்தில் ஒரு குட்டி மிருகக்காட்சி சாலையே வைத்திருந்தார். 1777 முதல் அவற்றை வரைய பாட்னாவிலிருந்து மூன்று ஓவியர்களை வேலைக்கு வைத்தார். ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ்.

மூவரும் மொகலாய பாணியில் பழகியவர்கள். அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே ஜஹாங்கீரின் அரண்மனையில் மன்சூர் என்பவர் ராஜாவுக்கு வந்த வரிக்குதிரையைக்கூட வரைந்திருக்கிறார். ஆனால் கல்கத்தாவில் வேலை வேறு மாதிரி. இங்கிலாந்திலிருந்து வந்த பெரிய பெரிய காகிதம், வாட்டர் கலர், பின்னால் வெறும் வெள்ளை. முடிந்தவரை நிஜ அளவிலேயே வரைய வேண்டும். ஜைனுத்தீன் 1777-ல் வரைந்த மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ ஒரு சீத்தாமரக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. இறகு ஒவ்வொன்றையும் எண்ணலாம் போல இருக்கும். எறும்புத்தின்னியின் செதிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. இம்பே தம்பதியர் 1783-ல் ஊர் திரும்புவதற்குள் 300-க்கு மேல் படங்கள் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் பறவைகள்.

எனக்குப் பிடித்த விஷயம் படத்தின் மூலையில் இருக்கிறது. 'இம்பே சீமாட்டியின் சேகரிப்பு' என்பதோடு, வரைந்தவர் பெயரும், அவர் பாட்னாக்காரர் என்பதும் எழுதியிருக்கிறது. ஓவியரின் பெயர் பாரசீக எழுத்திலும் உண்டு. சொந்தக்காரர் பெயர் இருக்கட்டும், ஓவியர் பெயரும் இருக்கட்டும் என்று அந்தக் காலத்திலேயே விட்டிருக்கிறார்கள்.

இருந்தாலும் புகழ் என்னவோ அம்மாவுக்குத்தான் போனது. ஜான் லேதம் என்ற பறவை அறிஞர் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் பல இந்தியப் பறவைகளை விவரித்தார். இமயமலை மோனாலுக்கு அவர் 1790-ல் வைத்த அறிவியல் பெயரில் இம்பே இருக்கிறார், இன்றும் இருக்கிறார். பாட்னாக்காரர்கள் பெயரில் ஒரு குருவிகூட இல்லை. 1810-ல் லண்டனில் படங்கள் ஏலம் போய்ச் சிதறின. 2019 டிசம்பரில்தான் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில், கம்பெனிக்காரர்களுக்கு வரைந்த இந்திய ஓவியர்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே இவர்கள் பெயர் முன்னால் வந்தது. 'மறக்கப்பட்ட மேதைகள்' என்று தலைப்பு. மறந்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இவ்வளவு தூரம் போகாமல் நம் மாவட்டத்துக்கே வருவோம். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்த கொண்டையராஜு 1942-ல் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. பல படங்களில் அவர் பெயரோடு சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். குரு தன் பெயரை மட்டும் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தாள். இந்த வாரம் ஒரு பூனை வரைந்துகொண்டிருக்கிறாள். அவளுடைய விலைப்பட்டியலில் 'படத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கும்' என்று ஒரு வரி சேர்த்து நானே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆர்டர் குறைகிறதா என்று மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க வேண்டும்.