எஞ்சின் கேட்கப் போய் விமானத்தோடு வந்த கதை

கடன் வாங்கிய வாள் – 17

பாகிஸ்தானுக்கு ஸ்டார்ஃபைட்டர்கள் வந்து சேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 1962 ஆகஸ்டில் இந்தியா போட்ட மிக்-21 ஒப்பந்தத்தை இந்த வாரம் பார்ப்பதாக ஏற்பாடு.

அமெரிக்கா கொடுத்தது 12 விமானங்கள்தான். ஆனால் அவற்றுக்கு ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம். கூடவே சைட்வைண்டர் ஏவுகணை. நம்மிடம் இருந்த ஹன்டர், மிஸ்தேர், நாட் மூன்றுமே நேர்மட்டப் பறப்பில் ஒலிவேகத்தைத் தாண்டாதவை. டெல்லி மிரண்டது. மிரண்ட டெல்லி மாஸ்கோவுக்கு ஓடியது. இந்த இரண்டு வரியில் கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. ஏனென்றால் டெல்லியிலிருந்து மாஸ்கோவுக்குப் போன வழியில் பெங்களூர் இருந்தது. பெங்களூரில் கர்ட் டாங்க் இருந்தார்.

1961 ஜூன் 17. எச்.ஏ.எல். ஓடுதளத்திலிருந்து ஊசி மூக்கும் பின்சாய்ந்த இறக்கையுமாக ஒரு விமானம் மேலே எழும்பியது. பெயர் எச்.எஃப்.-24 மாருத். ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சுதி ரஞ்சன் தாஸின் மகன். ஒரு வாரம் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னால் மறுபடியும் பறந்து காட்டினார்கள். ஐரோப்பாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் வெளியே இந்த ஆசியக் கண்டத்தில் ஒரு நாடு சொந்தமாக ஜெட் போர் விமானம் வடிவமைப்பது அன்றைக்கு எளிதில் நம்பக்கூடிய செய்தி அல்ல. அதற்குப் பின்னால் நின்றவர்தான் டாங்க். அவரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

1898-ல் பிராம்பெர்க்கில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் குதிரைப்படையில் இருந்தார். பிறகு பிரேமன் நகரத்து ஃபோக்கே-வுல்ஃப் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர். 1938-ல் இவர் வடிவமைத்த நான்கு எஞ்சின் காண்டர் விமானம் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் பறந்தது. ஏறக்குறைய 25 மணி நேரம். அதை உலகம் கைதட்டி வரவேற்றது. 1941-ல் இவருடைய எஃப்.டபிள்யூ.-190 ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே தோன்றியபோது யாரும் கைதட்டவில்லை. அதுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த ஸ்பிட்ஃபயர் விமானிகள் ஓடி ஒளிய வேண்டிவந்தது.

குதிரைப்படைக்காரர் அல்லவா, பந்தயக் குதிரை வேறு, போர்க்குதிரை வேறு என்பது அவருடைய கொள்கை. பந்தயக் குதிரைக்கு நல்ல தரை வேண்டும், நல்ல தீனி வேண்டும், நல்ல ஓட்டி வேண்டும். போர்க்குதிரை சேற்றிலும் ஓட வேண்டும். அரைகுறைப் பயிற்சி பெற்றவன் ஏறினாலும் கீழே தள்ளாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். விமானத்தையும் அப்படித்தான் செய்தார்.

வரைபலகையோடு நிற்கிற ஆளும் இல்லை. தான் வரைந்ததைத் தானே ஏறி ஓட்டிப் பார்ப்பார். 1944 கடைசியில் டி.ஏ.-152 என்ற தன் புது விமானத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாராம். விமானத்தில் பயன்படுத்தக் குண்டு இல்லை. பின்னால் நான்கு அமெரிக்க மஸ்டாங்குகள் வந்துவிட்டன. எஞ்சினுக்குள் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த கலவையைப் பாய்ச்சும் பொத்தானை அழுத்தினார். மஸ்டாங்குகள் புள்ளியாகி மறைந்தன. விமானப் பிரியர்கள் கூடும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்லாமல் எழுந்து போக மாட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது வீரம் அல்ல. டாங்க்கின் உயிரைக் காத்தது இறக்கையின் வடிவம் அல்ல, எஞ்சினிலிருந்து கிடைத்த அந்தக் கூடுதல் உந்துதல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரை நாயகன் ஆக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். அவருடைய விமானங்களைச் செய்த ஆலைகளில் போர்க்காலத்தில் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்டவர்கள் வேலை செய்தார்கள். ஹிட்லரின் போருக்காகக் கடைசி மாதம் வரை வடிவமைத்துக்கொண்டிருந்தவரை, அரசியல் அறியாத அப்பாவித் தொழில்நுட்பர் என்று எழுதுவது சரித்திரம் ஆகாது. ஆனால் வென்ற நாடுகளுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. ஜெர்மன் ராக்கெட்காரர்களை அமெரிக்கா அள்ளிக்கொண்டது. எஞ்சின்காரர்களை சோவியத் அள்ளிக்கொண்டது. டாங்க், பெத்ரோ மத்தீஸ் என்ற பெயரில் அர்ஜென்டினாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அதிபர் பெரோனின் ஆதரவில், கோர்தோபா நகரத்தில், புல்கி-2 என்ற ஜெட் விமானம் உருவானது. 1950-ல் பறந்தது. எஞ்சின், பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் நீன். இதே நீன் எஞ்சினைத்தான் 1940-களின் பிற்பாதியில் பிரிட்டன் ஸ்டாலினுக்கும் விற்றது. சோவியத்காரர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, தாங்களே செய்யக் கற்றுக்கொண்டு மிக்-15-ல் வைத்தார்கள். கொரியாவில் பிரிட்டனின் கூட்டாளிகளையே அந்த மிக் விரட்டியது. மிக்கை வடிவமைத்த மிகோயனுக்கு அடித்த யோகம் அது. எஞ்சின் கிடைத்தவன் எழுந்துவிடுகிறான்.

1955 செப்டம்பரில் பெரோன் கவிழ்ந்தார். டாங்க்கின் குழு சிதறியது. பெங்களூர் அவரைக் கூப்பிட்டது. 1956 ஆகஸ்டில், தன் ஆட்கள் கொஞ்சம் பேரோடு வந்து இறங்கினார்.

அன்றைய எச்.ஏ.எல்.லில் என்ன இருந்தது? 1940-ல் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள், வி.எம். கட்கே வடிவமைத்து 1951-ல் பறந்த எச்.டி.-2 என்ற சின்னப் பயிற்சி விமானம். உரிமம் வாங்கிச் செய்த வேம்பயர் ஜெட். ஒலிவேகத்தைத் தாண்டும் விமானத்துக்கு வேண்டிய சோதனைக் கருவிகளை மாருத்தோடு கூடவே உருவாக்க வேண்டியிருந்தது. விமான ஆய்வுக்கென்று வைத்த என்.ஏ.எல். 1960-ல் பெங்களூருக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த இடம், ஜெயமஹால் பக்கம் மைசூர் மகாராஜாவின் அரண்மனைக் குதிரை லாயம். குதிரைப்படை டாங்க்குக்கு அது பிடித்திருக்கும். ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான் ராமேசுவரத்துப் பையன் ஒருவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு எச்.ஏ.எல்.லில் பயிற்சியாளராகச் சேர்ந்து விமான எஞ்சின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். அப்துல் கலாம்.

டாங்க் முதலில் மரத்தில் ஒரு மாருத் செய்தார். இரண்டு பேர் உட்காரும் முழு அளவு கிளைடர். 1959-லிருந்து டகோட்டா விமானம் ஒன்று அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விடும். 78 முறை பறந்து, வடிவம் சரி என்று நிரூபித்துவிட்டது. பிற்பாடு வந்த விமானிகள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்: பிடித்த பிடிக்கு வரும், தாழப் பறந்தால் அசையாது, குலுங்காது. எஞ்சினே இல்லாமல் பறந்தபோது மாருத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறை, எஞ்சின் வைக்கும்போதுதான் வந்தது.

டாங்க் தன் விமானத்தை வடிவமைத்தது, பிரிட்டனின் பிரிஸ்டல் கம்பெனி உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ்-12 என்ற எஞ்சினை நம்பி. பின்னெரிப்பான் உள்ள எஞ்சின் அது. அதாவது வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளைப் பீய்ச்சி உந்துவிசையைக் கூட்டுவது. அப்படி இரண்டு எஞ்சின் இருந்தால் மாருத், ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தை எட்டும் என்பது கணக்கு. அதாவது ஸ்டார்ஃபைட்டருக்குச் சமம். பிரிட்டனுக்கும் நேட்டோவுக்கும் அந்த எஞ்சின் தேவைப்படாமல் போயிற்று. உருவாக்கும் செலவை இந்தியா ஏற்றுக்கொண்டால் செய்து தருகிறோம் என்றார்கள். டெல்லி மறுத்தது.

இந்தத் தொடரில் வில்லன்களைத் தேடுகிற வாசகர்களுக்குச் சொல்கிறேன். ஸ்டார்ஃபைட்டர் கொடுத்த அமெரிக்காவை நான் வில்லன் என்று சொல்ல மாட்டேன். பெஷாவரில் உளவு விமானத்தளம் வேண்டியிருந்தது, விலை கொடுத்தார்கள். 1962-ன் எல்லாப் பழியையும் கிருஷ்ண மேனன் தலையில் கட்டுவது நம் வழக்கம். இந்த அத்தியாயத்தில் அவரும் வில்லன் இல்லை. இந்தியாவில் விமானம் செய்ய முடியும் என்று பிடிவாதமாக நம்பிய சிலரில் அவர் ஒருவர். ஒரு விமானத்துக்கு உடல், இறக்கை, தொழிற்சாலை, ஜெர்மன் நிபுணர் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்துவிட்டு, அதன் இதயத்துக்கு வந்தபோது பணப்பையின் வாயை இறுக்கிய அந்த ஒரு முடிவுதான் என் கண்ணில் வில்லன். அந்த முடிவு எடுத்தவர்களுக்குச் சிலை இல்லை, திட்டும் இல்லை.

பின்னெரிப்பான் இல்லாத சாதாரண ஆர்ஃபியஸ்-703 எஞ்சின் இரண்டை வைத்து மாருத்தைப் பறக்கவிட்டார்கள். போர்க்குதிரைக்கு அரை வயிற்றுத் தீனி. ஒலிவேகத்தைத் தொடவே அது திணறியது.

எஞ்சின் வேட்டை தொடங்கியது. எகிப்துக்குப் போனார்கள். அங்கே அதிபர் நாசருக்காக ஜெர்மானியர் மெஸ்ஸர்ஷ்மிட் ஒரு போர் விமானம் வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் அதற்கு எஞ்சின் செய்துகொண்டிருந்தார். போருக்குப் பிறகு சோவியத் பிடியில் இருந்தபோது அவர்களுடைய ராட்சத டர்போபிராப் எஞ்சினுக்கு உழைத்தவர் அவர். எகிப்தின் அந்த விமானத்தை 1964 மார்ச் 7 அன்று முதன்முதலில் ஓட்டியவர் யார் தெரியுமா? நம் விமானி கபில் பார்கவா. ஒரு மாருத்தையும் அங்கே அனுப்பினோம். 1967 மார்ச்சில் பிராண்ட்னரின் எஞ்சினோடு அது கெய்ரோ பக்கம் ஹெல்வானில் பறந்தது. மூன்று மாதத்தில் இஸ்ரேல் போர். நாசரின் கஜானா காலி. 1969-ல் திட்டமே கைவிடப்பட்டது.

இதற்கெல்லாம் முன்பே, 1961-லேயே, இந்திய அதிகாரிகள் மாருத்துக்கு எஞ்சின் கேட்டு மாஸ்கோ கதவையும் தட்டியிருந்தார்கள். சோவியத்தின் ஆர்.டி.-9 எஞ்சின் மாருத்தின் காற்று நுழைவாயிலோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது. எஞ்சின் பேச்சு முழு விமானப் பேச்சாக வளர்ந்தது. எஞ்சின் மட்டும் எதற்கு, மிக்-21-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாயாகக் கொடுத்தால் போதும். இந்தியாவிலேயே செய்துகொள்ள உரிமமும் தருகிறோம் என்றது மாஸ்கோ. 1962 மே மாதம் செய்தி வெளியில் கசிந்தது. லண்டன் தன் லைட்னிங் விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. வாஷிங்டன் முகம் சுளித்தது. ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்தது. முதலில் 12 விமானம். பிறகு உரிம உற்பத்தி. உடல் நாசிக்கில், எஞ்சின் கோராபுட்டில், மின்னணுக் கருவி ஹைதராபாத்தில். மாருத்தைப் பெற்ற பெங்களூருக்கு மிக்கில் பங்கு இல்லை.

இரண்டே மாதத்தில், அக்டோபர் 20 அன்று, சீனப் படை இறங்கியது. ஒரு மிக் கூட வந்திருக்கவில்லை. இருந்த போர் விமானங்களையும் டெல்லி சண்டைக்கு அனுப்பவில்லை. அடிக்காமலேயே எதிரியை அடக்கிவைக்கும் பலம் வேண்டும் என்றுதான் ஆயுதம் வாங்குகிறோம். அந்தப் பலம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட தேதியில் வந்துவிடுவதில்லை. அதிலும் நாம் பாகிஸ்தானைப் பார்த்து வாங்கினோம், வந்தது சீனா.

மாருத் என்னவாயிற்று? 147 செய்தார்கள். 1967-ல் படையில் சேர்ந்தது. 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் தரைத் தாக்குதலில் நன்றாகவே உழைத்தது. 1990 வாக்கில் ஓய்வு. டாங்க் 1960-களின் கடைசியில் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். சுரஞ்சன் தாஸ் திரும்பவில்லை. பெங்களூரிலேயே பின்னெரிப்பான் பொருத்தி மாருத்துக்கு மறுபடி உயிரூட்ட ஒரு முயற்சி நடந்தது. 1970 ஜனவரி 10 அன்று அந்த விமானத்தைச் சோதித்தபோது விழுந்து இறந்தார். பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து எச்.ஏ.எல். பக்கம் திரும்புகிற சாலைக்கு அவர் பெயர். தினமும் அதில் டிராஃபிக்கில் நிற்கிற எத்தனையோ தமிழர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. என் கணக்கில் இந்த அத்தியாயத்தின் நாயகன் அவர்தான்.

2021-ல் விமானப்படை 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஏறக்குறைய 48,000 கோடி ரூபாயில் ஆர்டர் கொடுத்தது. உடல் பெங்களூரில் தயார், அமெரிக்காவின் ஜி.இ. எஞ்சின் வரவில்லை. 2024-ல் வர வேண்டிய விமானங்கள் காத்துக் கிடந்தன. முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. தேஜஸுக்கென்று சி.வி. ராமன் நகரில் தொடங்கிய காவேரி எஞ்சின் அதில் ஏறவே இல்லை. ரஃபேல் வாங்குங்கள், எஸ்-400 வாங்குங்கள், தவறில்லை. அவசரத்துக்கு வாங்கத்தான் வேண்டும். ஆனால் எஞ்சினை எவன் வைத்திருக்கிறானோ, நம் விமானம் எப்போது எழும்பும் என்பதையும் அவன்தான் முடிவு செய்கிறான். 1961-ல் இது பெங்களூருக்குத் தெரிந்திருந்தது. டெல்லிக்குத் தெரிய இன்னும் எத்தனை ஒப்பந்தம் வேண்டுமோ!

அடுத்த வாரம்: தில்பாக் சிங் தலைமையில் ஏழு இந்திய விமானிகள் கஜகஸ்தான் குளிரில் மிக் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த 12 ஸ்டார்ஃபைட்டர்களுக்கு மிக் உண்மையிலேயே பதில் சொன்னதா என்பதற்கு, 1971 டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடாவுக்கு மேலே நடந்த சண்டையைப் பார்ப்போம்.

(தொடரும்)