'வரேன்னு சொன்னான்' - இதை இங்கிலீஷ்ல சரியா சொல்றது எப்படி?

தாம்பரம் மெப்ஸ்ல ஒரு கம்பெனிக்கு நீங்களும் உங்க நண்பர் கார்த்திக்கும் இன்டர்வியூ போறீங்கன்னு வெச்சுக்கோங்க. வெளியே வந்த கார்த்திக், 'ஐ ஆம் செலக்டெட்' என்கிறார். நீங்க உடனே காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல, 'கார்த்திக் செட் ஐ ஆம் செலக்டெட்' என்று தட்டிவிட்டால், வாழ்த்து எல்லாம் உங்களுக்குத்தான் வரும்!

ஏன் இந்தக் குழப்பம்?

தமிழில் 'வரேன்னு சொன்னான்' என்கிறோம். 'வரேன்' என்றாலும், வரப்போவது அவன்தான் என்று எல்லோருக்கும் புரியும். அந்தக் குட்டி 'னு' அவன் பேச்சை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மேற்கோள் குறி இல்லாமல் சொன்னால் அந்த வசதி கிடையாது. சொல்பவர் நீங்கள் என்பதால் 'ஐ' என்றால் நீங்கள்தான். இதைச் சரிசெய்வதுதான் ரிப்போர்ட்டட் ஸ்பீச்.

1. ஆளை மாற்றுங்க

கார்த்திக்கின் 'ஐ', 'ஹி' ஆகும். 'மை', 'ஹிஸ்' ஆகும்.

2. காலத்தை ஒரு படி பின்னால் தள்ளுங்க

'ஆம், இஸ்' என்பது 'வாஸ்'. 'வில்' என்பது 'வுட்'. 'கேன்' என்பது 'குட்'. 'ஹேவ்' என்பது 'ஹேட்'. ஆக, 'கார்த்திக் செட் தட் ஹி வாஸ் செலக்டெட்'. இப்போது வாழ்த்து சரியான ஆளுக்குப் போகும். சொன்ன விஷயம் இன்றும் உண்மை என்றால் காலத்தை மாற்றாமலும் விடலாம்: 'ஹி செட் ஹி லிவ்ஸ் இன் குரோம்பேட்டை'.

3. நாளையும் இடத்தையும் பாருங்க

'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே', 'ஹியர்' என்பது 'தேர்' ஆகும். ஆனால் காலையில் சொன்னதை அன்று மாலையே சொல்கிறீர்கள் என்றால் 'டுமாரோ' அப்படியே இருக்கலாம்.

4. கேள்வி, கேள்வியாக இருக்கக் கூடாது

ஹெச்.ஆர் மேடம் கேட்டது: 'வேர் டு யூ லிவ்?' நீங்கள் சொல்ல வேண்டியது: 'ஷி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்'. 'டு' காணாமல் போய்விடும். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி என்றால் 'இஃப்' சேருங்க: 'ஷி ஆஸ்க்ட் மீ இஃப் ஐ குட் ஜாயின் தி நெக்ஸ்ட் டே'.

5. கட்டளைக்கு 'டு' போதும்

'பிரிங் யுவர் ஆதார்' என்றாரா? 'ஷி டோல்ட் மீ டு பிரிங் மை ஆதார்'. 'லேட்டா வராதே' என்றால், 'ஷி டோல்ட் மீ நாட் டு பி லேட்'.

கடைசியா ஒண்ணு

'செட் மீ' தப்பு. 'டோல்ட் மீ' அல்லது 'செட் டு மீ' என்பதே சரி.

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் கிண்டி வருவதற்குள் பயிற்சியே முடிச்சிடலாம். உங்களுக்கு வந்த நாலு வாட்ஸ்அப் மெசேஜை எடுங்க. அதை வேறொருவரிடம் ஆங்கிலத்தில் சொல்வதுபோல் மாற்றிப் பாருங்க. யார், எப்போது, எங்கே... இந்த மூன்றும் சரியாக இருந்தால், அடுத்த இன்டர்வியூவில் தடுமாற்றம் இருக்காது.