'மச்சி, போன் வேலை செய்யல!' - கேட்குறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்

ராத்திரி 11 மணிக்கு இப்படி ஒரு வரி அனுப்பிட்டுத் தூங்கிடுறீங்களா? டெக் தெரிந்த நண்பருக்கு அது கேள்வி இல்லை, விடுகதை!

ஆண்ட்ராய்டு போன் என்றால் முதலில் செட்டிங்ஸைத் திறங்கள். மேலேயே தேடும் வசதி இருக்கும். 'ஸ்டோரேஜ்', 'பேட்டரி' என்று தட்டிப் பாருங்கள். எர்ரர் மெசேஜ் வந்தால், அந்த வரியை அப்படியே கூகுளில் போடுங்கள்.

அப்பவும் சரியாகலையா? தாராளமா கேளுங்க, கூச்சமே வேண்டாம். ஆனால் போன் மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன் (இரண்டும் 'அபௌட் போன்' பகுதியில் இருக்கும்), என்ன செய்தபோது பிரச்னை வந்தது, இதுவரை என்னென்ன முயன்றீர்கள்... எல்லாத்தையும் ஒரே மெசேஜில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் ஓடிபி தெரியுதான்னு ஒரு தடவை பார்த்துட்டு அனுப்புங்க.

யாராவது 'ஃபேக்டரி ரீசெட் போடு' என்றால் மட்டும் கொஞ்சம் பொறுங்க. போனில் மட்டுமே இருக்கும் போட்டோ, வீடியோ எல்லாம் அழிந்துவிடும். பேக்கப் இருக்கா என்று நீங்களே பார்த்த பிறகுதான் அந்த பட்டன். அக்கா கல்யாண போட்டோ போனபிறகு, ஐடியா சொன்னவரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

சரியானதும், 'ஓகே ஆயிடுச்சு, இதான் காரணம்'னு ஒரு வரி அனுப்புங்க. அவர் இன்னும் யோசிச்சிட்டு இருக்கப் போறார்!